நாரை விடு தூதும் நாடு கடந்த தொலைபேசியும்

இலக்கியத் தொடர் ஒன்றிலே கைத்தொலைபேசிக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆனால் தமிழ் இலக்கியத்திலே பிரிவைப் பாடாத காலம் என்று ஒன்று இல்லை. பிரிந்தவர் எங்கே இருக்கிறார், எப்படி இருக்கிறார் என்று அறியத் துடிப்பதும், தன் நிலையை வீட்டுக்கு அறிவிக்கத் துடிப்பதுமே பாலைத்திணை தொடக்கம் தூதுப் பிரபந்தங்கள் வரை நாம் கண்டுவரும் பொருள். அந்தத் துடிப்பு இன்று எந்தக் கருவிக்குள் குடியேறியிருக்கிறதோ, அந்தக் கருவியைப் பற்றிப் பேசுவது இலக்கியத்துக்குப் புறம்பான காரியம் அன்று. ஆகவே இன்றைய உரையில் இரண்டு கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன். ஒருவர் தமது சொந்தக் கைத்தொலைபேசியைத் தமது சொந்த இலக்கத்தோடு கடல் கடந்து எடுத்துச் செல்லும்போது என்ன நடக்கிறது? அதற்கு விலை கொடுப்பவர் யார்?

இந்த ஏற்பாட்டை 'ரோமிங்' என்கிறார்கள். அலைந்து திரிதல் என்பது அச்சொல்லின் நேர்ப்பொருள். பெயரளவில் அது பாலைத்திணைக்கு உரிய சொல்தான்.

சத்திமுற்றப் புலவரை நேயர்கள் அறிவார்கள். கும்பகோணத்தை அடுத்த சத்திமுற்றம் அவருடைய ஊர். வறுமை துரத்த மதுரைக்குப் போனவர், போர்வையின்றிக் குளிரில் ஒடுங்கிக் கிடந்த வேளையில், பறந்து சென்ற நாரையொன்றை அழைத்துப் பாடிய பாடல் தனிப்பாடல்களுள் மிகுந்த புகழ் பெற்றது. அதன் உவமை அழகை எத்தனையோ பேர் எடுத்துரைத்துவிட்டார்கள். நான் இங்கு கவனிக்க விரும்புவது, அவர் நாரையிடம் ஒப்படைத்த செய்தி எப்படி அமைந்திருக்கிறது என்பதை. ஊர் எது, மனைவி இருக்கும் வீடு எத்தகையது என்று சொல்கிறார். இது முகவரி. தாம் எந்த நகரில் எந்த நிலையிற் கிடக்கிறார் என்று சொல்கிறார். இது செய்தி. இந்த இரண்டும் இல்லாமல் எந்தத் தூதும் இல்லை.

காளிதாசரின் மேகதூதமும் இவ்வாறானதே. இராமகிரியிலே தண்டனையை அனுபவிக்கும் யக்ஷன், அளகாபுரியில் உள்ள மனைவிக்கு மேகத்தைத் தூதாக அனுப்புகிறான். அந்நூலின் முற்பகுதி முழுவதும் வழி சொல்லுதல்தான். எந்த மலை, எந்த ஆறு, எந்த நகரம் என்று ஒவ்வொன்றாய்ச் சொல்லி அனுப்புகிறான்.

இரண்டு பாடல்களிலும் தூது விடுபவர் வெளியே போனவர். போனவருக்கு வீடு எங்கே இருக்கிறது என்று தெரியும். வீட்டுக்கோ போனவர் எங்கே இருக்கிறார் என்று தெரியாது. சத்திமுற்றத்தில் இருந்த அந்த அம்மையார் நாரையை அழைத்துப் பதிற்செய்தி சொல்ல விரும்பியிருந்தால், எந்த ஊருக்கு, எந்தத் தெருவுக்கு என்று சொல்லி அனுப்பியிருப்பார்? முல்லைத்திணைக்கு உரிப்பொருள் இருத்தல் என்று இலக்கணகாரர் வகுத்தார்கள். வீட்டில் இருந்தவருக்கு இருத்தலைத் தவிர வேறு வழி கிடையாது என்பதும் அதற்குள் அடக்கம்.

இந்த நிலை பழங்காலத்தோடு போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். 1990களின் முற்பகுதியில், வெளிநாட்டிலுள்ள பிள்ளையின் குரலைக் கேட்பதற்காக யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியாவுக்கும் கொழும்புக்கும் வந்து, 'கொமினிகேசன்' கடைகளின் வாங்குகளிற் காத்திருந்த தாய் தந்தையர் பலர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். இன்ன திகதி, இன்ன நேரம், இன்ன கடைக்கு எடுப்பேன் என்று முதலிற் கடிதம் வரவேண்டும். அந்தக் கடிதம் பிந்தினால் அழைப்பும் தவறிப்போகும். கடைக்காரர் பெயரைக் கூப்பிடும்வரை இருந்த இருப்பை அநுபவித்தவர்கள் அறிவர். அக்காலத்துத் தொலைபேசி ஓர் இடத்தை அழைத்ததேயன்றி ஓர் ஆளை அழைக்கவில்லை. அந்த நேரத்தில் ஆள் அந்த இடத்தில் இருந்தால் அது அதிர்ஷ்டம்.

ஆளைப் பின்தொடர்ந்து செல்லும் தொலைபேசி என்ற எண்ணத்தை நாட்டு எல்லைகளுக்கு அப்பால் முதலிற் கொண்டு சென்றவர்கள் வட ஐரோப்பியர். 1981இலும் 1982இலும் சுவீடன், நோர்வே, டென்மார்க், பின்லாந்து ஆகிய நான்கு நாடுகளும் ஒரே வகையான கைத்தொலைபேசி முறையைத் தொடங்கின. ஒரு நாட்டில் வாங்கிய கருவி மற்ற மூன்று நாடுகளிலும் வேலை செய்தது. கைத்தொலைபேசி என்று சொன்னேனாயினும், அந்தக் கருவிகள் கைக்கு அடங்கியவை அல்ல. காரிலும் லொறியிலும் பொருத்திச் செல்லும் பாரமான பெட்டிகள் அவை. ஐரோப்பாவின் ஏனைய பகுதிகளில் ஒவ்வொரு நாடும் தனக்கெனத் தனி முறையை வைத்திருந்தது. இலண்டனில் வாங்கிய கருவியைப் பாரிசுக்குக் கொண்டு சென்றால் அது வெறும் பெட்டி.

இந்தச் சிக்கலைத் தீர்ப்பதற்காக, ஐரோப்பியத் தபால், தொலைத்தொடர்பு நிருவாகங்களின் மாநாடு 1982இல் ஒரு குழுவை அமைத்தது. அக்குழுவின் பிரெஞ்சுப் பெயரின் முதலெழுத்துகள்தாம் ஜி.எஸ்.எம். 1987 செப்தெம்பர் 7ஆம் திகதி கோப்பன்ஹேகன் நகரில் 13 நாடுகளைச் சேர்ந்த தொலைபேசி நிறுவனங்கள் ஓர் உடன்பாட்டிற் கைச்சாத்திட்டன. ஒரே முறை, ஒரே அலைவரிசை, எல்லை தாண்டினாலும் அறுபடாத சேவை என்பது அவற்றின் நோக்கம். 1991 யூலை 1ஆம் திகதி பின்லாந்தின் முன்னாள் பிரதமர் ஹரி ஹோல்கேரி, தம்பரே நகரத்தின் துணை மேயர் காரினா சுவோனியோவுடன் பேசிய பேச்சே இம்முறையிலான முதல் அழைப்பு. அடுத்த ஆண்டு, அதாவது 1992இல், பின்லாந்து நிறுவனம் ஒன்றும் பிரித்தானிய நிறுவனம் ஒன்றும் ஒருவர் வாடிக்கையாளரை மற்றவர் ஏற்றுக்கொள்வதென முதலாவது ரோமிங் ஒப்பந்தத்தைச் செய்துகொண்டன.

நம் நாட்டைப் பொறுத்தவரை, கைத்தொலைபேசிச் சேவை 1989இல் தொடங்கியது. ஆனால் ஜி.எஸ்.எம். முறை 1995இலேதான் வந்தது. அதுவரை கொழும்பிலே கைத்தொலைபேசி வைத்திருந்த கனவான்கள் கட்டுநாயக்காவில் விமானம் ஏறும்போது அதை வீட்டில் வைத்துவிட்டே போனார்கள். கொண்டு போயும் பயனில்லை.

சரி, இலங்கைக் கைத்தொலைபேசி ஒன்று வேற்று நாட்டு விமான நிலையத்தில் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பிரயாணி அதை முடுக்கிவிடுகிறார். திரையில் ஓர் அந்நிய நிறுவனத்தின் பெயர் தோன்றுகிறது. அந்தச் சில விநாடிகளுக்குள் நடப்பதை அறிந்துகொள்வது நல்லது.

கருவிக்குள்ளே இருக்கும் சிம் அட்டையில், நாம் பிறருக்குக் கொடுக்கும் தொலைபேசி இலக்கத்தினும் வேறான ஓர் அடையாள எண் பொதிந்திருக்கிறது. வழமையாக அது 15 இலக்கங்கள் கொண்டது. அதன் முதல் மூன்று இலக்கங்கள் நாட்டைக் குறிப்பன. இலங்கைக்கு 413. கருவி அருகிலுள்ள கோபுரத்திடம் இந்த எண்ணைச் சொல்கிறது. அந்த நாட்டு நிறுவனம் முதல் மூன்று இலக்கங்களைப் பார்த்ததும், இவர் நம் வீட்டுப் பிள்ளை அல்லர், விருந்தாளி என்று அறிந்துகொள்கிறது. உடனே இலங்கையிலுள்ள தாய் நிறுவனத்தின் பதிவேட்டைக் கேட்கிறது: இவர் உங்கள் ஆள்தானா? தாய் நிறுவனம் ஆம் என்று உறுதிப்படுத்தி, அவர் இப்போது இன்ன நாட்டில் இன்ன நிறுவனத்திடம் இருக்கிறார் என்று தன் பதிவேட்டிற் குறித்து வைத்துக்கொள்கிறது. அந்த நாட்டு நிறுவனமும் தனது விருந்தாளிகளுக்கான பதிவேட்டில் அவர் பெயரைத் தற்காலிகமாகச் சேர்த்துக்கொள்கிறது. மட்டக்களப்பிலிருந்து தாயார் வழக்கமான இலக்கத்தை அழுத்துகிறார். அழைப்பு முதலில் இலங்கை நிறுவனத்துக்குப் போகிறது. அது பதிவேட்டைப் பார்த்து வழி சொல்லி அனுப்புகிறது. மேகதூதத்தின் முற்பகுதி இங்கே ஓரிரு விநாடிகளில் முடிந்துவிடுகிறது.

ஆனால் கேட்டவுடன் ஆம் என்று சொல்லிவிடுவார்களா? போலிகள் வந்தால்? இவ்விடத்தில் நம் இலங்கை மண்ணோடு தொடர்புடைய பழைய தூது ஒன்று நினைவுக்கு வருகிறது. கடல் தாண்டி அசோகவனத்துக்கு வந்த அநுமன், தான் இராமனின் தூதன் என்பதை எப்படி நிறுவினான்? கணையாழியைக் காட்டினான். அதனோடு, இராமனும் சீதையும் மட்டுமே அறிந்த சில செய்திகளையும் அடையாளமொழியாகச் சொன்னான். இராமன் தன் மனத்து இரகசியங்கள் அனைத்தையும் அநுமனிடம் ஒப்படைக்கவில்லை. அடையாளத்துக்குப் போதிய சிலவற்றையே சொல்லி அனுப்பினான்.

சிம் அட்டை செய்வதும் இதைத்தான். அட்டைக்கும் தாய் நிறுவனத்துக்கும் மட்டுமே தெரிந்த இரகசிய எண் ஒன்று உண்டு. அந்த எண் அட்டையை விட்டு ஒருபோதும் வெளியே போவதில்லை. அந்நிய நிறுவனம் எழுந்தமானமாக ஓர் எண்ணைக் கேள்வியாக அனுப்பும். அட்டை தன் இரகசியத்தைக் கொண்டு அதற்குரிய விடையைக் கணித்துச் சொல்லும். சரியான விடை எதுவென்று தாய் நிறுவனம் முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருக்கும். இரண்டும் பொருந்தினால் கதவு திறக்கும். இரகசியம் கைமாறாமலே அடையாளம் உறுதியாகிவிடுகிறது.

இன்னும் ஒன்று. அசோகவனத்துச் சீதை, வந்திருப்பவன் மாயவேடம் பூண்ட இராவணனோ என்று முதலில் ஐயுற்றதாக வால்மீகி கூறுகிறார். ஜி.எஸ்.எம். முறையை வகுத்த பொறியியலாளர்கள் அந்த ஐயத்தைக் கருவிக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. நிறுவனம் கருவியைச் சோதித்தது. கருவி நிறுவனத்தைச் சோதிக்கவில்லை. போலிக் கோபுரம் வைத்து ஏமாற்றுவதற்கு அதனால் இடமேற்பட்டது. பின்னர் வந்த மூன்றாம் தலைமுறை முறையிலேதான் இருபுறமும் ஒன்றையொன்று சோதிக்கும் ஏற்பாடு சேர்ந்தது.

இனிப் பணத்துக்கு வருவோம். நேயர்கள் இந்த உரைக்குச் செவிகொடுப்பதும் அதற்காகத்தான் என்று எனக்குத் தெரியும்.

நாம் இலங்கையில் இருக்கும்போது நமக்கு வரும் அழைப்புக்கு நாம் பணம் கொடுப்பதில்லை. அழைத்தவர் கொடுக்கிறார். வெளிநாட்டில் இருக்கும்போதோ வருகின்ற அழைப்புக்கும் நம்மிடம் அறவிடுகிறார்கள். இது அநியாயம் என்று பலர் கோபிப்பதுண்டு. ஆனால் அதற்குள் ஒரு நியாயம் ஒளிந்திருக்கிறது. மட்டக்களப்பிலிருந்து அழைத்த தாயார் தம் மகனின் இலங்கை இலக்கத்தையே அழைத்தார். மகன் அப்போது துபாயில் இருக்கிறாரா ஒஸ்லோவில் இருக்கிறாரா என்று அவருக்குத் தெரியாது, தெரியவும் தேவையில்லை. தாம் அறியாத தூரத்துக்கு அவரிடம் விலை கேட்பது முறையாகாது. ஆகவே இலங்கைக்குள் அழைத்த கட்டணம் அவருடையது. இலங்கையிலிருந்து மகன் இருக்கும் நாடு வரை அழைப்பு கடந்து செல்லும் தூரத்துக்கான கட்டணம் மகனுடையது. அலைந்து திரியத் தீர்மானித்தவர் அவர் அல்லவா? முல்லைத்திணையில் இருப்பவரைக் காத்திருப்பினின்றும் விடுவித்ததற்கான விலையைப் பாலைத்திணையில் நடப்பவர் கொடுக்கிறார் என்று கொள்ளலாம்.

ஆக, விலை கொடுப்பது அநியாயம் அன்று. எவ்வளவு என்பதுதான் கேள்வி. இங்கே வியாபாரம் தன் வேலையைக் காட்டியது. விருந்தாளிக்குச் சேவை வழங்கும் அந்நிய நிறுவனம் தன் விலையைத் தாய் நிறுவனத்திடம் கேட்கும். தாய் நிறுவனம் அதன்மேல் தன் இலாபத்தை வைத்து வாடிக்கையாளரிடம் கேட்கும். வாடிக்கையாளரோ சிம் அட்டை வாங்கும்போது உள்ளூர்க் கட்டணத்தைப் பார்த்தே வாங்கியவர். வருடத்தில் பத்து நாள் போகிற வெளிநாட்டுப் பயணத்தின் கட்டணத்தை ஒப்பிட்டுப் பார்த்து வாங்குகிறவர் யார்? போட்டி இல்லாத இடத்தில் விலை இறங்குவதில்லை. பிரயாணம் முடிந்து வீடு திரும்பிய பின்னர் வரும் சிட்டையைக் கண்டுதான் பலர் திகைத்தார்கள்.

இதிலே விசித்திரமான ஒரு வகை உண்டு. வெளிநாட்டிலே தொலைபேசி அடிக்கிறது. நீங்கள் எடுக்கவில்லை. எடுக்காவிட்டால் செலவில்லை என்று நினைப்பீர்கள். ஆனால் எடுக்காத அழைப்பைக் குரற்பதிவுப் பெட்டிக்கு அனுப்பும்படி நீங்கள் ஏற்பாடு செய்து வைத்திருந்தால், அந்தப் பெட்டி இருப்பது இலங்கையில். அழைப்பு இலங்கையிலிருந்து உங்களிடம் வந்து, நீங்கள் எடுக்காததால் மீண்டும் இலங்கைக்கே திரும்புகிறது. நாரை சத்திமுற்றத்திலிருந்து மதுரைக்குப் பறந்து, புலவர் உறங்கிக்கொண்டிருந்ததால் திரும்பவும் சத்திமுற்றத்துக்கே பறந்து, இருவழிப் பிரயாணத்துக்கும் புலவரிடமே கூலி கேட்பதைப் போன்றது இது. புறப்படும் முன்னரே அந்த ஏற்பாட்டை நிறுத்திவிட வேண்டுமென்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வது இதனாலேதான்.

இந்த விலையை இறக்குவதற்கு முதலில் வழிகாட்டியது எந்தக் கண்டம் என்று கேட்டால், எல்லோரும் ஐரோப்பா என்பார்கள். உண்மையில் ஆபிரிக்கா முந்திக்கொண்டது. சூடானிற் பிறந்த மோ இப்ராகிம் நிறுவிய செல்டெல் என்ற நிறுவனம், 2006 செப்தெம்பரில் கென்யா, உகண்டா, தன்சானியா ஆகிய மூன்று நாடுகளிலும் உள்ள தன் வாடிக்கையாளர்களுக்கு எல்லையை அழித்துவிட்டது. கென்யாக்காரர் உகண்டாவுக்குப் போனால் உகண்டாக்காரர் கொடுக்கும் கட்டணமே அவருக்கும். வரும் அழைப்புக்குக் கட்டணம் இல்லை. போன இடத்திலேயே மீள்நிரப்பு அட்டை வாங்கிக்கொள்ளலாம். எல்லை தாண்டிச் சந்தைக்குப் போகும் சிறு வியாபாரிகள் நிறைந்த பிரதேசத்தில் இது எத்தகைய உதவி என்று சொல்ல வேண்டியதில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் சட்டத்தின் வழியால் அந்த இடத்துக்கு வந்து சேரப் பத்து வருடங்கள் எடுத்தன. லக்சம்பேர்க்கைச் சேர்ந்த ஆணையாளர் விவியான் ரெடிங் முன்னின்று கொண்டுவந்த விதி 2007இல் நடைமுறைக்கு வந்தது. ஒன்றியத்துக்குள் பிரயாணம் செய்பவர் எடுக்கும் அழைப்புக்கு நிமிடத்துக்கு 49 சதத்துக்கும், வரும் அழைப்புக்கு 24 சதத்துக்கும் மேலே வரி நீங்கலாக அறவிடக்கூடாது என்பது அவ்விதி. சதம் என்பது இங்கே யூரோச் சதம். 2010 யூலை தொடக்கம், வேறு தொகையை வாடிக்கையாளர் தாமே தெரிவு செய்யாவிடின், இன்ரநெற் செலவு 50 யூரோவை எட்டியதும் சேவையைத் தானாகவே நிறுத்த வேண்டும் என்ற விதியும் வந்தது. சிட்டையைக் கண்டு திகைப்பவர்களுக்கு அது பெரிய பாதுகாப்பு. 2012இல் ஒரு மெகாபைற்றுக்கு 70 சதம் உச்சவிலை. 2014இல் அது 20 சதம். ஈற்றில் 2017 யூன் 15ஆம் திகதி முதல், நியாயமான அளவுக்கு உட்பட்ட பாவனைக்கு மேலதிகக் கட்டணமே இல்லை என்றாயிற்று. 2022இல் இவ்விதி 2032 வரை நீடிக்கப்பட்டது.

ஒரு கணக்கைப் பாருங்கள். 2012இன் உச்சவிலைப்படி ஆயிரம் மெகாபைற்றுக்கு 700 யூரோ. 2017இல் நிறுவனங்கள் தம்முள் ஒன்றிடம் ஒன்று அறவிடத்தக்க மொத்த விலை, அதே ஆயிரம் மெகாபைற்றுக்கு 7 யூரோ 70 சதம் என்று வரையறுக்கப்பட்டது. முன்னது சில்லறை விலை, பின்னது மொத்த விலை. இடையில் ஐந்து வருடத் தொழில்நுட்ப வளர்ச்சியும் உண்டு. அவற்றைக் கழித்துப் பார்த்தாலும், வாடிக்கையாளர் கொடுத்து வந்த விலைக்கும் தூரத்துக்கும் பெரிய உறவு எதுவும் இருக்கவில்லை என்பது தெளிவு. எல்லைக் கோடு ஒன்றைக் கடந்ததற்காக அறவிடப்பட்ட தீர்வை அது.

அந்தக் கோடு எவ்வளவு செயற்கையானது என்பதை நம்மவர்கள் பலர் நேரிலே காண்கிறார்கள். சுவிற்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. பாசல் நகரில் வசிக்கும் ஒருவர் சாமான் வாங்க எல்லையைக் கடந்து ஜேர்மனிக்குள் காலெடுத்து வைத்தால், அவருடைய சுவிஸ் இலக்கத்துக்கு ஒன்றியத்தின் பாதுகாப்புக் கிடையாது. பிரித்தானியா ஒன்றியத்தை விட்டு விலகிய பின்னர், அங்குள்ள பெரிய நிறுவனங்கள் சில 2022இல் ஐரோப்பியப் பயணத்துக்கான கட்டணத்தை மீண்டும் அறவிடத் தொடங்கின. இலண்டனிலிருந்து பாரிசுக்குத் திருமணவீட்டுக்குப் போகிறவர்கள் புறப்படும் முன் தங்கள் நிறுவனத்திடம் கேட்டுக்கொள்ள வேண்டிய காலம் திரும்பவும் வந்திருக்கிறது.

வானலைகளுக்கோ எல்லைக் கோடு தெரியாது. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ஏறக்குறைய 30 கிலோமீற்றர். ஜி.எஸ்.எம். கோபுரம் ஒன்றின் அலை சாதாரணமாக 35 கிலோமீற்றர் வரை பணிசெய்யக்கூடியது. தனுஷ்கோடிக் கரையில் நின்றபடியே தமது கைத்தொலைபேசி இலங்கையைப் பற்றிக்கொண்டதைக் கண்டு வியந்தவர்கள் உண்டு. ஒருகாலத்தில் இலங்கை வானொலியின் குரல் அதே நீரைக் கடந்து தமிழகத்து வீடுகளுக்குள் நுழைந்தது. அதற்கு யாரும் சிட்டை அனுப்பவில்லை. கைத்தொலைபேசிக்கு அனுப்புவார்கள். ஆதலால் எல்லையோரங்களில் இருப்பவர்கள் கருவி தானாக வேறு நாட்டைத் தெரிவு செய்யாதபடி அமைத்து வைப்பது நன்று. கப்பற் பிரயாணிகளும் கவனிக்க வேண்டும். நடுக்கடலிற் கப்பலின் கோபுரம் செய்மதி மூலம் இயங்குவது. அதற்குத் தரைக் கட்டணங்கள் பொருந்தா.

இன்று பிரயாணம் போகிறவருக்குப் பல வழிகள் திறந்திருக்கின்றன. போன நாட்டில் உள்ளூர் சிம் அட்டை வாங்கலாம். அட்டையே இல்லாமல் கருவிக்குள் பதிந்துகொள்ளும் 'ஈ-சிம்' வாங்கலாம். தங்கும் விடுதியின் வைபை மூலம் வட்ஸ்அப்பிலே கதைக்கலாம். 2015 முதல் வட்ஸ்அப்பிலே குரல் அழைப்பும் கிடைத்தபின், இனி ரோமிங் எதற்கு என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். செலவை மட்டும் பார்த்தால் அவர்கள் சொல்வது சரி. ஆனால் ஓர் இலக்கம் என்பது செலவுக்கணக்கு மட்டும் அன்று.

வீட்டில் இருக்கும் அம்மம்மாவுக்குப் பேரப்பிள்ளையின் ஓர் இலக்கம்தான் தெரியும். அதைச் சுவரில் மாட்டிய கலண்டரின் ஓரத்தில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருப்பார். வட்ஸ்அப் அவர் வீட்டுக்கு வந்திராது. பேரன் அந்த அட்டையைக் கழற்றி மேசை இலாச்சிக்குள் வைத்துவிட்டு உள்ளூர் அட்டையைப் போட்டுக்கொண்டால், காசு மிச்சம். ஆனால் அந்த நாள்களுக்கு அம்மம்மா மீண்டும் பழைய முல்லைத்திணைக்குப் போய்விடுகிறார். அவர் எடுத்தால் கிடைப்பது, தொடர்புகொள்ள முடியாது என்ற இயந்திரக் குரல் மட்டுமே. அகால வேளையில் வரவேண்டிய செய்தி ஒன்று உண்டு. அதை நான் விரித்துச் சொல்லத் தேவையில்லை. அந்தச் செய்தி பெரும்பாலும் பழைய இலக்கத்துக்குத்தான் வரும். சொல்பவர் உறவினர் பட்டியலைப் பார்த்து ஒவ்வொருவராக அழைப்பவர். நாம் எந்த நாட்டில் நிற்கிறோம் என்பதையோ, அங்கே நேரம் என்ன என்பதையோ அவர் அறியார்.

இலக்கத்தைக் கைவிடாமல் இருப்பதற்கு உலகியல் காரணமும் ஒன்று உண்டு. வங்கிகள் ஒருமுறை மட்டும் பாவிக்கும் இரகசிய எண்ணைக் குறுஞ்செய்தியாக நாம் பதிந்துள்ள இலக்கத்துக்கே அனுப்புகின்றன. இலக்கம் இலாச்சிக்குள் கிடந்தால் வெளிநாட்டில் நின்றுகொண்டு நம்முடைய காசை நாமே தொட முடியாது. இதுவும் கணையாழிதான். மறந்துவிட்டுக் கடல் தாண்டக் கூடாது.

இரண்டையும் ஒருங்கே வைத்துக்கொள்ளும் வழி இன்று அரிதன்று. இரண்டு சிம் ஏற்கும் கருவிகள் பரவலாக உள்ளன. ஒன்றிலே சொந்த இலக்கத்தை அழைப்புக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டும் திறந்து வைத்து, அதன் வழியான இன்ரநெற்றை நிறுத்திவிட வேண்டும். மற்றையதில் உள்ளூர் அட்டையையோ ஈ-சிம்மையோ இன்ரநெற்றுக்கு வைத்துக்கொள்ளலாம். முற்கொடுப்பனவு இலக்கமாயின் ரோமிங் வசதி உண்டா, எவ்வளவு மீதி வேண்டும் என்று புறப்படும் முன்னரே விசாரிக்க வேண்டும். கருவியின் வயதையும் பார்க்க வேண்டும். சிங்கப்பூரில் 2017இல் இரண்டாம் தலைமுறைச் சேவையும் 2024இல் மூன்றாம் தலைமுறைச் சேவையும் மூடப்பட்டுவிட்டன. பழைய கருவிகள் அங்கே ஊமையாகிவிடும். ஜப்பானோ ஜி.எஸ்.எம். முறையை ஒருபோதும் ஏற்றுக்கொள்ளவில்லை. ஆகவே அலைதற்குரிய கருவியும் எல்லா இடமும் அலைய முடிந்ததில்லை.

நேயர்களே, இந்த வசதியால் இழந்தது எதுவும் இல்லையா என்று கேட்டால், உண்டு. வெளிநாட்டில் இருப்பவரை மேலதிகாரியும் தேடிப் பிடிக்கிறார். கடன் கொடுத்தவரும் தேடிப் பிடிக்கிறார். தொலைந்துபோக விரும்பியவருக்கு ஒதுங்க இடமில்லை. கைத்தொலைபேசிக்கு முன் மனிதர் சந்தித்துக்கொண்டால் முதலிற் கேட்டது, எப்படி இருக்கிறீர்கள் என்று. இன்று தொலைபேசியை எடுத்ததும் கேட்பது, எங்கே இருக்கிறீர்கள் என்று. சத்திமுற்றப் புலவரின் பாடலில் இரண்டுக்கும் விடை இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். எங்கே என்பதற்கு ஒரு சொல்லும், எப்படி என்பதற்குப் பல அடிகளும் அவர் செலவிட்டார். நாம் எங்கே என்பதைக் கேட்டுவிட்டு, எப்படி என்பதைக் கேட்க மறந்துவிடுகிறோம். நிமிடத்துக்கு விலை எண்ணப்படும்போது இந்த மறதி இன்னும் வளர்கிறது. காசு ஓடுகிறது, வைக்கிறேன் என்ற சொல்லோடு எத்தனை சம்பாஷணைகள் அறுந்துபோயிருக்கின்றன!

ஆதலினாலேதான் இந்த விலையைப் பற்றிய கேள்வி வியாபாரக் கேள்வியாக மட்டும் எனக்குத் தோன்றவில்லை. கிழக்கு ஆபிரிக்காவிற் சந்தைக்குப் போகும் பெண்ணுக்குக் கிடைத்த வசதியை, யாத்திரைக்கும் வைத்தியத்துக்கும் கூலிவேலைக்கும் கடல் கடக்கும் நம் பிரதேசத்து மக்களும் பெறவேண்டும். தெற்காசிய நாடுகளின் தொலைத்தொடர்பு அதிகாரிகள் கூடிப் பேசும் நாளில் இதற்கும் ஓரிடம் ஒதுக்கவேண்டும் என்பது என் வேண்டுகோள். நாரைக்கும் மேகத்துக்கும் எல்லைத் தீர்வை கிடையாது. தூதுக்குக் கூலி இருக்கலாம். அந்தக் கூலி, எளியவர் தம் தாயோடு நாலு வார்த்தை நிதானமாகக் கதைக்க முடியாத அளவுக்கு உயர்ந்திருக்கக் கூடாது.

அடுத்த முறை உங்கள் வீட்டுப் பிள்ளை வெளிநாட்டிலிருந்து அழைக்கும்போது, எங்கே நிற்கிறாய் என்ற கேள்வியைப் பதிவேடு பார்த்துக்கொள்ளட்டும். எப்படி இருக்கிறாய் என்று நீங்கள் கேளுங்கள்.